ஏழைகளின் சிறிய சகோதரிகள்: நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ‘சிஸ்டருங்க நடத்துற இல்லம்’ என்பதில் வந்து நிற்கும். ஆளாளுக்கு ஒரு இல்லத்தைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பல இல்லங்களுக்கு முன்மாதிரியாக இருந்த பழைய சபை ஒன்று உண்டு. அதன் வரலாற்றைப் பற்றியும், அதை ஒட்டி இங்கே எழும் சந்தேகங்களைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

இது எந்தச் சபை? யார் தொடங்கியது?

பெயர் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’. வழக்கில் ‘லிட்டில் சிஸ்டர்ஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். கத்தோலிக்கத் துறவற சபை. பிரான்சின் வடமேற்கில் பிரெத்தாஞ் கடற்கரையில் உள்ள சான்-செர்வான் என்ற துறைமுக ஊரில் 1839-ல் இதற்கு வித்திட்டவர் ழான் ஜுகான் என்ற பெண். அப்போது அவருக்கு வயது 47. அவர் கன்னியாஸ்திரி கிடையாது. பெரிய படிப்பு இல்லை, சொத்து இல்லை. பிறர் வீட்டில் வேலை பார்த்துப் பிழைத்தவர்.

எங்கேயோ பிரான்சில் நடந்த கதை. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. 1792 அக்டோபர் 25 அன்று கான்கால் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தார். இன்றைக்கும் சிப்பிக்குப் பேர்போன ஊர் அது. அந்தக் காலத்தில் அங்கிருந்து ஆண்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து வரை காட் மீன் பிடிக்கப் போவார்கள். மாதக்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். ழானுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அப்பா கடலோடு போய்விட்டார். பிள்ளைகளை அம்மா கூலி வேலை செய்துதான் வளர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கெடுபிடிக் காலம் வேறு. கோயில்கள் பூட்டிக் கிடந்தன, ஜெபம்கூட வீட்டுக்குள் ஒளித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

படகு திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அப்படி எத்தனையோ வீடுகள். அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. உடல் கிடைக்காவிட்டால் துக்கத்தோடு காகிதமும் சேர்ந்து வதைக்கும். ஒருவரைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்துவிட்டதாகக் கொள்வது சட்டத்தின் பொது விதி. அதுவரை அவள் மனைவியா, விதவையா என்பதற்கே சான்று கிடையாது. அப்படி நின்ற ஒரு தாயின் மகள்தான் ஆதரவற்ற கிழவிகளுக்காக ஒரு சபையையே உண்டாக்கினார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

முதல் முதியவர் எப்படி வந்தார்?

ழான் பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டுச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மாலுமி ஒருவர் பெண் கேட்டு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தைந்து வயதில் சான்-செர்வான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போய், ஆறு வருடத்தில் உடம்பு தேய்ந்து வெளியே வந்தார். பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு திருமணமாகாத அம்மாளின் வீட்டில் வேலை. அந்த அம்மாள் 1835-ல் இறந்ததும், வயதான தோழி ஒருவரோடும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியோடும் சிறு வாடகை வீட்டில் குடியிருந்தார்.

1839 குளிர்காலத்தில் ஆன் ஷொவான் என்ற கிழவியைப் பற்றிக் கேள்விப்பட்டார். கண் தெரியாது, ஒரு பக்கம் வாதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை. ழான் அவரைத் தூக்கிக்கொண்டு குறுகலான படியேறி, தன் கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் பரண் மேல் போய்ப் படுத்துக்கொண்டார். சபையின் வரலாறு அந்தக் கட்டிலிலிருந்துதான் தொடங்குகிறது. கட்டடத் திறப்பு விழாவோ அடிக்கல்லோ எதுவும் கிடையாது.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பழைய வேலைக்காரி. நொடித்துப்போன தன் எசமானர்களுக்குச் சம்பளமில்லாமல் உழைத்து, சேமிப்பையும் கொடுத்து, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்து, அவர்கள் செத்ததும் தெருவில் நின்றவர். 1841-ல் கொஞ்சம் பெரிய இடம் வாடகைக்குப் பிடித்தார்கள், பன்னிரண்டு பேர் ஆனார்கள். 1842-ல் ஒரு பழைய மடத்தை விலைக்கு வாங்கினார்கள், நாற்பது பேர் ஆனார்கள். முதலில் சேர்ந்த ஆண், ஈரம் சொதசொதத்த நிலவறையில் தனியே கிடந்த ஒரு முதிய மாலுமி.

இத்தனை பேருக்குச் சோறு போட்டது யார்? பணம் எங்கிருந்து வந்தது?

இதுதான் இந்தச் சபையின் உயிர்நாடி. அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், கேட்பவர்கள் பாதிப் பேர் ‘வெளிநாட்டுப் பணம்’ என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

அந்தக் கிழவிகளில் பலர் முன்பு தெருத்தெருவாய்க் கையேந்தியவர்கள். இல்லத்துக்கு வந்த பிறகும் தொழிலை விட மனமில்லை; கேட்டுப் பெறும் நாலு காசில் பாதி குடிக்குப் போகும் என்ற கவலையும் ழானுக்கு இருந்தது. புனித இறையோவான் சபைச் சகோதரர் ஒருவர் ஒரு வழி சொன்னார்: அவர்களுக்குப் பதிலாக நீயே போய்க் கேள். ழான் ஒவ்வொருவரிடமும், ‘உனக்கு வழக்கமாகக் கொடுக்கிறவர்கள் யார் யார்?’ என்று விவரம் வாங்கிக்கொண்டார். கூடையை எடுத்துக்கொண்டு அதே வாசல்களில் போய் நின்றார். ‘இந்த அம்மா இனி வரமாட்டாள். அவளுக்காக நான் வந்திருக்கிறேன். அவளுக்குக் கொடுப்பதை என்னிடம் கொடுங்கள்’ என்பதுதான் விண்ணப்பம்.

அவர் கேட்டது காசு மட்டுமல்ல. மிஞ்சிய ரொட்டி, காய்கறி, பழந்துணி, ஒருமுறை கொதிக்கவைத்த காப்பித்தூள் என எதையும் தள்ளவில்லை. இல்லத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முடிந்தவர்கள் நூல் நூற்றார்கள். ஒரு சம்பவத்தைச் சபையில் இன்றும் சொல்வார்கள். ஒரு பணக்காரர் எரிச்சலில் அவரை அறைந்துவிட்டார். ‘இது எனக்கு. என் ஏழைகளுக்கு என்ன தருகிறீர்கள்?’ என்று கேட்டாராம் ழான்.

1845-ல் பிரெஞ்சு அகாதெமி, நற்செயலுக்கான மோந்தியோன் பரிசை அவருக்குக் கொடுத்தது. 3,000 பிராங்க். அதன் பிறகு பெரிய மனிதர்களின் கதவும் திறந்தது. ஆனால் கூடையை அவர் கீழே வைக்கவில்லை. இன்றும் இந்தச் சபையின் சகோதரிகள் சந்தைக்கும் கடைகளுக்கும் போய்க் கேட்டு வாங்கித்தான் இல்லங்களை நடத்துகிறார்கள்.

நம் ஏலக்கூடத்தில் விடிகாலையில் நின்று பார்த்தால் இந்த முறை அந்நியமாகத் தெரியாது. கூறு வைத்து ஏலம் போய்க்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் பனையோலைப் பெட்டியோடு ஒரு அப்பத்தா குந்தியிருப்பார். வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். வலையைத் தட்டுகிற பையன் இரண்டு காரலை, ஒரு நண்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். அப்பத்தா பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த படகுக்கு நகர்வார். கொடுத்தவனுக்கும் அது தருமமில்லை, வாங்கியவருக்கும் பிச்சையில்லை. ழான் செய்தது, நடக்க முடியாமல் போன அப்பத்தாவின் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டது. அவமானத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார், உரிமையை அவர்களிடமே விட்டார்.

நிலம், வாடகை, வைப்புத்தொகை எல்லாம் வைத்துக்கொண்டால் நிம்மதிதானே?

அப்படித்தான் நல்லெண்ணம் கொண்ட செல்வந்தர்களும் சொன்னார்கள். 1865-ல் சபைக்குள்ளேயே அது பெரிய கேள்வியானது. நிலையான வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா? ஓரங்கட்டி வைத்திருந்த ழானையும் அந்த ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம், அன்றன்றைக்கு வருவதை நம்பியே இருப்போம் என்றார் அவர். அதுவே முடிவானது. வட்டியிலும் வாடகையிலும் ஓடும் இல்லமாக இருக்கக் கூடாது என்பது சபையின் கொள்கையாக நின்றது.

முதலில் கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். ஆனால் கஜானா நிறைந்த அறக்கட்டளைகள் என்ன ஆகின்றன என்று நாம் பார்க்கிறோமே. சொத்துச் சண்டை, வழக்கு, நிர்வாகக் குழுவில் இரண்டு கட்சி. ஊரைக் கேட்டு உண்ணும் இல்லத்துக்கு ஊரின் கண் எப்போதும் இருக்கும். கொடுத்த அரிசி எங்கே போகிறது என்று பார்க்க ஆள் வருவார்கள். வருகிறவர்கள் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். முதியவருக்குக் கஞ்சியைவிட அது குறைவாகத் தேவைப்படுவதில்லை.

தொடங்கியவரையே ஒதுக்கிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1843 டிசம்பரில் சகோதரிகள் ழானை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வழிகாட்டியாக இருந்த ஒகுஸ்த் லெ பாயோர் என்ற இளம் குருவானவர் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று சொல்லி, 23 வயது மாரி ழாமேவைத் தலைவியாக்கினார். ழான் தகராறு செய்யவில்லை. கூடையோடு ஊர் ஊராகப் போய் ரேன், தினான் போன்ற இடங்களில் இல்லங்கள் தழைக்கப் பாடுபட்டார். 1852-ல் அந்த வேலையும் பறிக்கப்பட்டது. வெளித் தொடர்பு வேண்டாம் என்று தலைமை இல்லத்துக்குள் வைத்துவிட்டார்கள். 27 வருடம் அங்கேயே கழிந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் சகோதரிகளுக்கு, கூட ஜெபம் சொல்லும் இந்தக் கிழவிதான் எல்லாவற்றையும் தொடங்கியவர் என்பது தெரியாது. தொடங்கியவர் தானே என்று லெ பாயோர் வரலாற்றை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1879 ஆகஸ்ட் 29 அன்று ழான் இறந்தார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சபையின் சட்ட நூலுக்கு ஒப்புதல் தந்திருந்தார். சகோதரிகள் அப்போதே சுமார் 2,400 பேர். 1890-ல் லெ பாயோரை ரோமுக்கு அழைத்துப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். உண்மை மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. 1982 அக்டோபர் 3-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முக்திப்பேறு பெற்றவராகவும், 2009 அக்டோபர் 11-ல் புனிதராகவும் ழான் ஜுகான் அறிவிக்கப்பட்டார்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது ‘பார்த்தீர்களா, எவ்வளவு தாழ்ச்சி!’ என்று பிரசங்கத்தில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய பொறுமை பெரிதுதான். அதற்காக அவருக்குச் செய்தது அநியாயம் இல்லை என்றாகிவிடாது. உழைத்த பெண்ணை ஓரம் தள்ளிவிட்டு ஆண் ஒருவர் பெயரை வாங்கிக்கொள்வது நம் ஊர்ச் சங்கங்களிலும் நடப்பதுதான்.

இந்தியாவுக்கு எப்போது வந்தார்கள்?

1882-ல், கல்கத்தாவுக்கு. பிறகு பெங்களூரு, செகந்திராபாத், சென்னை என்று பரவினார்கள். சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் அவர்களுடைய இல்லம் இருக்கிறது. இன்னொரு செய்தி: லொரேட்டோ மடத்திலிருந்து வெளியேறி, பாட்னாவில் மருத்துவப் பயிற்சி முடித்து 1948 டிசம்பரில் கல்கத்தா திரும்பிய அன்னை தெரசாவுக்குத் தங்க இடம் கொடுத்தது இந்தச் சகோதரிகளின் முதியோர் இல்லம்தான்.

கிறிஸ்தவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களா? காசு கட்ட வேண்டுமா?

மதம் பார்ப்பதில்லை. அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும். கட்டணம் வசூலித்து அறை தரும் இடம் இது அல்ல. வசதியுள்ள பிள்ளைகள் நன்கொடை தருகிறோம், அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அவர்கள் போக வேண்டிய இடம் வேறு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகளோடு ‘விருந்தோம்பல்’ என்பதை நான்காவது வாக்குறுதியாக எடுப்பவர்கள் இவர்கள். வந்தவரை விருந்தாளியாக வைத்துச் சாகும்வரை உடனிருப்பது என்று அதற்குப் பொருள். இரவில் யாருக்காவது மூச்சு வாங்கினால் ஒரு சகோதரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தனியாகச் சாக விடுவதில்லை.

நம் பக்கத்தில் இந்த மாதிரி எதுவும் இருந்ததில்லையா?

வேறு உருவத்தில் இருந்தது. சேது யாத்திரை வருகிறவர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் வைத்தார்கள், நிலம் எழுதி வைத்தார்கள். காசி, இராமேசுவரம் என்று நடந்தே வந்த முதியவர்களுக்கு அவைதான் திண்ணையும் கஞ்சியும். கீழக்கரைப் பக்கம் ஜகாத், ஓரியூரில் அருளானந்தர் திருத்தலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு என எல்லா நம்பிக்கையிலும் வழிப்போக்கனுக்குச் சோறு உண்டு. ஆனால் சத்திரம் மூன்று நாளுக்கு. படுத்த படுக்கையாகிவிட்ட கிழவியை மூன்று வருடம் குளிப்பாட்டித் துடைக்கிற பொறுப்பு எப்போதும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் இருந்தது. வீட்டில் பெண் இல்லாவிட்டால் யார் தலையிலும் இல்லை.

சாமி பேரில் நடத்துகிறார்கள். அதற்கும் பதிவு, ஆய்வு எல்லாம் எதற்கு?

ஏர்வாடியை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்கா அருகே இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட மனிதர்கள். தர்காவின் மேல் உள்ள நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அந்த நம்பிக்கையின் நிழலில் யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டுக் காசு பார்க்கலாம் என்று விட்டதுதான் குற்றம்.

அதனால் எந்த இல்லமானாலும், சிலுவை போட்டிருந்தாலும் பிறை போட்டிருந்தாலும் திருநீறு பூசியிருந்தாலும், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பகல் நேரத்தில் ஒருமுறை போங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியைப் பாருங்கள், கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று. படுக்கைப் பக்கம் மூத்திர வாடை அடித்தால், வரவேற்பறையில் தொங்கும் புகைப்படங்களை நம்பாதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும்போது இல்லத்தில் விடுவது பாவம் இல்லையா?

கேட்பவர் பெரும்பாலும் மகன். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மருமகள். வளைகுடாவில் ஒருவன், திருப்பூரில் ஒருவன், விசைப்படகில் ஒருவன் என்று பிரிந்து கிடக்கும் வீட்டில் மறதி நோய் வந்த அம்மாவைக் கதவைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவது எந்தக் கணக்கில் புண்ணியம்? விடலாம். விட்டுவிட்டுக் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்வதும், நல்ல நாள் பெரிய நாளுக்குக்கூட எட்டிப் பார்க்காமல் இருப்பதும்தான் ஆகாது.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது சோறு போடுவதில்லை. இல்லம்தான் ஒரே வழியா?

அவசரப்படாதீர்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், இதற்கான தீர்ப்பாயம் அவர் தலைமையில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 23-ம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே இனி எழுதிக் கொடுப்பவர்கள், ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரியைப் பத்திரத்தில் போடாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், வங்கி அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

நம் கடற்கரையிலேயே இப்படி ஓர் இல்லம் தொடங்க முடியுமா?

பல ஊரில் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்டவுடன் இடம், கட்டடம், கல்வெட்டு என்று போய்விடுகிறார்கள். ழான் ஒரு கட்டிலிலிருந்து தொடங்கினார் என்பதைத்தான் அவர்களுக்கு நினைவுபடுத்துவேன்.

அவருடைய முறையை அப்படியே பெயர்த்து வைக்கவும் முடியாது. கடலை மட்டும் நம்பி அன்றாடம் கேட்டு வாங்கினால், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் என்ன செய்வது? விசைப்படகு கட்டிக் கிடக்கும்போது கொடுக்க யாரிடமும் எதுவும் இருக்காது. நாட்டுப்படகு கொண்டுவருவது அதன் சொந்த அடுப்புக்கே சரியாகப் போகும். எனவே கூடை நாலு திசைக்கும் போக வேண்டும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுப்பு முடிந்ததும் நெல் கேட்க வேண்டும். முண்டு மிளகாய் களத்தில் மிளகாய் கேட்க வேண்டும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, தொண்டிப் பெரிய வீடுகளுக்குப் போக வேண்டும். மீன் மலிந்த நாளில் கருவாடு போட்டுத் தடைக்காலத்துக்கு வைக்க வேண்டும், அதை இல்லத்துப் பெண்களே அருமையாகச் செய்வார்கள். நண்டு வலையில் சிக்கெடுக்கிற வேலையும் அவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் கூலி வரும்.

முதல் மாதத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: காற்றோட்டமான ஒரு வீடு, மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று, கைப்பிடிகள், இரவில் தங்கச் சம்பளத்துக்கு ஒரு பெண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரின் கைப்பேசி எண். சேர்க்க வேண்டியது மூன்றே பேரை. அவர்களிடம், ‘இதுவரை உங்களுக்குக் கறிக்கு மீன் போட்டது எந்தெந்தப் படகு?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் விடிகாலையில் அந்தப் படகுகள் கரை பிடிக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.